பன்னீர் ரோஜாவின் வேரில் ஒரு ஹைப்ரிட்

திருச்சியில் எங்கள் வீட்டு மாடியில் 6 தொட்டிகளில் ரோஜா வைத்திருந்தேன். அவற்றில் மிகச் செழிப்பாக வளர்ந்த செடி 10 மாதமாக ஒரு பூக்கூடப் பூக்கவில்லை. ஆள் உயரத்துக்குக் கிளை விட்டது, இலை பளபளத்தது. உரம் போதவில்லை என்று நினைத்துக் கடலைப் பிண்ணாக்கை ஊறவைத்து ஊற்றினேன். இன்னும் இரண்டு அடி வளர்ந்தது.

2022 நவம்பரில், நாற்று விற்கும் பெரியவர் ஒருவர் தென்னங்கன்று கொண்டுவந்தார். இளமையில் நிலக்கோட்டைப் பக்கம் ரோஜாத் தோட்டங்களில் ஒட்டுக் கட்டியவர் என்று பேச்சுவாக்கில் தெரிந்தது. மாடிக்கு அழைத்துப்போய் அந்தச் செடியைக் காட்டினேன். ஓர் இலையைப் பிடித்து, அதன் காம்பு தண்டோடு சேரும் இடத்தைத் திருப்பிப் பார்த்தார்.

“தாயி, நீங்கள் வாங்கிய செடி செத்துப் பல மாதம் ஆகிவிட்டது. இது அதற்கு வேராக வைத்த காட்டுச் செடி” என்றார்.

தொட்டி மண்ணை விரலால் விலக்கினார். கறுத்துக் காய்ந்த ஒரு குச்சி நின்றது. அதுதான் நான் காசு கொடுத்து வாங்கிய சிவப்பு ஹைப்ரிட் டீ, கிளைக்கு ஒன்றாகப் பெரிய பூ விடும் ரோஜா வகை. அதற்கு இரண்டு அங்குலம் கீழே, ஒட்டுக்கும் அடியிலிருந்து, நான் வளர்த்துக்கொண்டிருந்த கிளை புறப்பட்டிருந்தது.

கடையில் வாங்கும் ஹைப்ரிட் ரோஜாக்களில் பெரும்பாலானவை இரண்டு செடிகள். மேலே பூப்பது ஓர் இனம். கீழே வேராக இருப்பது வேறோர் இனம். நம் ஊர் நாற்றுப்பண்ணைகளில் வேருக்கு அதிகம் பயன்படுவனவற்றுள் மல்டிஃபுளோரா என்ற கிழக்காசியக் காட்டு ரோஜாவும் ஒன்று. குச்சி வைத்தால் எளிதில் வேர்பிடிக்கும், விரைவில் பருக்கும். அதை அடையாளம் காண ‘ஏழு இலை வந்தால் காட்டுக் கிளை, ஐந்து இலை வந்தால் நல்ல கிளை’ என்று பலரும் சொல்வார்கள். இதை நம்பி வெட்டக் கூடாது. நல்ல ஹைப்ரிட் செடிகளிலும் ஏழு இலை வரும். பெரியவர் பார்த்த இடம்தான் சரியான இடம்: இலைக்காம்பின் அடியில் இரண்டு பக்கமும் ஒட்டியிருக்கும் சிறு செதில். மல்டிஃபுளோராவில் அதன் ஓரம் சீப்புப் பல் போலக் கிழிந்திருக்கும். ஹைப்ரிட் டீயில் அப்படிக் கிழிந்திருப்பதில்லை. இதைவிட உறுதியானது, கிளை எங்கிருந்து கிளம்புகிறது என்று மண்ணைத் தோண்டிப் பார்ப்பது. ஒட்டுக்குக் கீழே என்றால் கத்திரிக்கோலால் வெட்டாமல், கீழ்நோக்கி இழுத்து அடியோடு பிய்த்தெடுக்க வேண்டும். வெட்டிவிட்டால் அடியில் மிஞ்சும், கிளை துளிர்க்கும் கண்களிலிருந்து மறுபடியும் இரண்டாய் மூன்றாய் வரும்.

சிவப்பு போய்விட்டது. இரண்டாவது ஹைப்ரிட் உயிரோடு இருந்தது. மஞ்சளில் இளஞ்சிவப்பு விளிம்பு, உள்ளங்கை அகலப் பூ. என் அம்மாவுக்கு அந்தப் பூவின் மேல் தனிப் பிரியம். ஆனால் அதன் கொழுந்து இலைகள் வெளுத்து மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தன. மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) சாம்பல்சத்தும் (பொட்டாசியம்) போட்டுப் பயனில்லை. பெரியவர் அதைப் பார்த்துவிட்டு, “உங்கள் வீட்டுத் தண்ணீரைக் கொஞ்சம் குடிக்கக் கொடுங்கள்” என்றார். ஆழ்துளைக் கிணற்று நீர். ஒரு வாய் குடித்ததும் முகத்தைச் சுளித்தார். “இந்த வேருக்கு இந்தத் தண்ணீர் ஆகாது.”

அன்று மாலையே, நீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்கினேன். ஆழ்துளை நீர் 1,400 பிபிஎம். காலையில் வரும் காவிரிக் குழாய் நீர் 310. மண்ணின் கார அமிலநிலை (pH) 8-ஐத் தாண்டியிருந்தது. தொட்டி விளிம்பில் படிந்த வெள்ளைப் படலத்தை அதுவரை பாசி காய்ந்த தடம் என்று எண்ணியிருந்தேன், அது உப்பு. உப்பைவிடப் பெரிய தொல்லை நீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட். அது மண்ணைக் காரமாக்குகிறது. கார மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் எடுக்க முடிவதில்லை. இரும்பு இல்லாமல் பச்சையம் உருவாகாது. பழைய இலையிலிருந்து புது இலைக்கு இரும்பு நகர்வதும் அரிது. அதனால்தான் கொழுந்து வெளுக்க, அடியிலை பச்சையாகவே இருந்தது. இதுவே தழைச்சத்து (நைட்ரஜன்) குறைவு என்றால் தலைகீழாக, அடியிலை முதலில் மஞ்சளாகும். இந்த ஒரு வேறுபாட்டைத் தெரிந்துகொண்டிருந்தால் நான் ஓராண்டு தவறான உரம் போட்டிருக்க மாட்டேன்.

கொல்லைப்புறத்தில் நிற்கும் பன்னீர் ரோஜாவை அப்போதுதான் கவனித்துப் பார்த்தேன். அதே ஆழ்துளை நீர், பாத்திரம் கழுவிய நீரும்கூட. எட்டு ஆண்டுகளுக்கு முன் பக்கத்து வீட்டு அக்கா ஒடித்துக் கொடுத்த குச்சியை ஊன்றியது. ஒட்டு இல்லை, சொந்த வேர். ஒருநாளும் மஞ்சளானதில்லை. வாரம் தவறாமல் பூ. வாசல் வரை மணம்.

நம் பக்கம் பன்னீர் ரோஜா என்று பெரிதும் விளைவது எட்வர்ட் என்ற போர்போன் வகை. அதன் கதை இந்தியப் பெருங்கடலில் உள்ள ரீயூனியன் தீவில் தொடங்குகிறது. போர்போன் என்பது அத்தீவின் பழைய பெயர். வேலியாக வளர்த்த டமாஸ்க் ரோஜாவும் சீன ரோஜாவும் இயல்பாகக் கலந்து பிறந்தது இது. டமாஸ்க்கிடமிருந்து மணமும், சீன ரோஜாவிடமிருந்து ஆண்டு முழுக்கப் பூக்கும் குணமும் வந்தன. கடல் காற்றிலும் வெயிலிலும் பிறந்த செடி திருச்சி வெயிலைத் தாங்குவதில் வியப்பில்லை. ஹைப்ரிட் டீ வகைகளுக்குப் பூர்வீகம் வேறு. அவற்றின் தொடக்கமாகக் கொள்ளப்படும் ‘லா பிரான்ஸ்’ 1867-இல் பிரான்சின் லியோன் நகரத்துத் தோட்டக்காரர் கியோ வெளியிட்டது. ஐரோப்பியக் குளிரில் பொறுக்கியெடுத்த வரிசை அது. ஊட்டியில் 1995-இல் அமைத்த ரோஜாப் பூங்காவில் அவை நிற்கும் அழகைப் பார்த்துவிட்டு, கீழே இறங்கி வந்து நம் மாடியில் அதே அழகை எதிர்பார்க்கிறோம். இந்த இடைவெளியை நிரப்பவே கொடைக்கானலில் வீரராகவன், கிரிஜா தம்பதியர் பல்லாண்டுகளாக உழைத்திருக்கிறார்கள். இந்திய வெப்பத்தில் தானாக வளரும் கிளினோபில்லா என்ற காட்டு ரோஜாவையும், மணிப்பூர் மலைகளில் வளரும் ஜைஜான்டியா ரோஜாவையும் கலப்பில் பயன்படுத்தி, வெப்பநாட்டுக்கான புது வகைகளை உருவாக்கினார்கள். அவர்கள் உருவாக்கிய ஒரு மஞ்சள் ரோஜாவுக்குத் தாவரவியலாளர் ஜானகி அம்மாளின் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். இதைவிடப் பொருத்தமான பெயரை என்னால் நினைக்க முடியவில்லை.

பெரியவரிடம் கேட்டேன்: “ஐயா, இந்த மஞ்சளைப் பன்னீர் ரோஜா வேரில் கட்ட முடியுமா?”

“ஏன் முடியாது? வடக்கே அதைத்தானே வேருக்கு வைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். ஆனால் குச்சி பருக்க ஓராண்டு பொறுக்க வேண்டும்.”

பொறுத்தேன். 2022 நவம்பர் கடைசியில், மழை விட்டுவிட்டுப் பெய்த நாட்களில், பன்னீர் ரோஜாவிலிருந்து 15 குச்சிகள் வெட்டினேன். பென்சில் பருமன், ஒரு சாண் நீளம், பூத்து முடிந்த முற்றிய கிளை. அடி வெட்டு கணுவுக்குச் சற்றுக் கீழே நேராக, மேல் வெட்டு கணுவுக்குச் சற்று மேலே சாய்வாக. இப்படி வெட்டினால் தலைகீழாக ஊன்றும் தவறு நேராது. பாதி ஆற்று மணல், பாதி தென்னைநார்க் கழிவு. தென்னைநாரை மூன்று முறை நல்ல நீரில் அலசினேன். அதற்குள்ளும் உப்பு இருக்கும். நிழலில் வைத்தேன். ஒரு வாரத்தில் எல்லாமே துளிர்விட்டன, மகிழ்ந்துபோனேன். மூன்றாம் வாரம் ஆறு கருகின. குச்சிக்குள் சேர்ந்திருந்த மாவுச்சத்தை வைத்தே துளிர் வந்துவிடும். வேர் வந்ததற்கு அது சான்றில்லை. ஆறு வாரம் கழித்து, மெல்ல இழுத்துப் பார்த்தால் பிடி கொடுக்காமல் நிற்பவைதான் பிழைத்தவை. 9 நின்றன. பின்னொரு நாள் ஒன்றைக் கரையான் தின்றது. மிச்சம் 8.

இந்த 8 வளர்ந்துகொண்டிருந்த ஓராண்டில் மஞ்சள் ஹைப்ரிட்டைச் சாகவிடாமல் காக்க வேண்டியிருந்தது. முதலில் மண்ணை மாற்றினேன். நாற்றுப்பண்ணையிலிருந்து வந்த களிமண் உருண்டை அப்படியே உள்ளே இருந்தது. செங்கல்லாய் இறுகி, ஊற்றிய நீர் அதன் ஓரமாக வழிந்து ஓட்டை வழியே வெளியேறிக்கொண்டிருந்திருக்கிறது. மேல் மண் ஈரம், உள்ளே வறட்சி. ஒரு மணி நேரம் வாளி நீரில் ஊறவைத்து, வேர் அறாமல் விரலால் கரைத்தேன். புதுக் கலவை: செம்மண் இரண்டு பங்கு, மக்கிய தொழுவுரம் இரண்டு பங்கு, மணல் ஒன்று, அலசிய தென்னைநார் ஒன்று, தொட்டிக்கு ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கு. ஒட்டுப் பகுதி மண்ணுக்கு மேலே இரண்டு அங்குலம் தெரியும்படி வைத்தேன். கறுப்பு பிளாஸ்டிக் தொட்டிகளையும் விட்டேன். சித்திரை வெயிலில் அவற்றின் சுவரைத் தொட்டால் கை சுடும். வேர் எப்படித் தாங்கும்? மண் தொட்டியோ சிமெண்ட் தொட்டியோ போதும்.

தண்ணீரைக் காவிரிக் குழாய்க்கு மாற்றினேன். உடனடி மருந்தாக, லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பும் (இரும்பு சல்பேட்) 1 கிராம் சிட்ரிக் அமிலமும் கரைத்து, மாலையில் இலையில் தெளித்தேன். 10 நாள் இடைவெளியில் மூன்று முறை. வெளுத்த இலை முழுதாகத் தேறவில்லை. அடுத்து வந்த கொழுந்து பச்சையாக வந்தது. மண்ணிலேயே இட வேண்டுமானால் கார மண்ணுக்கு அன்னபேதி வீண்; சில நாளில் கரையாத துருவாகிவிடும். இடிடிஹெச்ஏ என்ற வகை இரும்புச் சேர்மம்தான் அங்கே வேலை செய்யும். விலை அதிகம், தேவைப்படும் அளவு குறைவு.

மற்ற தொட்டிகளில் ஐஸ்பெர்க் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. 1958-இல் ஜெர்மனியின் கோர்டெஸ் வெளியிட்ட வெள்ளை ஃபுளோரிபண்டா, கொத்துக்கொத்தாகப் பூப்பது. என்னிடம் இருப்பவற்றில் குறைந்த கவனிப்பில் நிறையத் தருவது அதுதான். புதிதாக ரோஜா வளர்ப்பவர் ஒரே ஒரு ஹைப்ரிட் செடி கேட்டால் ஃபுளோரிபண்டாவைத்தான் சொல்வேன்.

பட்டன் ரோஜா இரண்டும் சிவப்புச் சிலந்தியிடம் சிக்கின. பங்குனி வெயிலில் இலை மேல்புறம் புழுதி படிந்தது போல மங்கியது. கீழ்ப்புறம் நுண்ணிய வலை. வெள்ளைத் தாளை அடியில் பிடித்துக் கிளையைத் தட்டினால் புள்ளிகள் நடந்தன. இது பூச்சியன்று, சிலந்தி இனம். பூச்சிமருந்தை அடித்தால் அதைத் தின்னும் நல்ல உயிர்களும் செத்துச் சிலந்தி பெருகும். வறட்சியும் புழுதியும் அதற்குப் பிடித்தவை. காலை ஏழு மணிக்கு இலையின் அடிப்புறத்தில் படும்படி வேகமாக நீர் பீய்ச்சினேன், ஒன்றுவிட்டு ஒரு நாள், இரண்டு வாரம். வாரம் ஒருமுறை மாலையில் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், சில சொட்டுச் சோப்புக் கரைசலோடு. அடங்கிவிட்டது. இதைப் படித்துவிட்டு மழைக்காலத்தில் இலைக்கு நீர் அடிக்க வேண்டாம். கரும்புள்ளி நோயின் வித்து முளைத்து உள்ளே நுழைய, இலை ஏழு மணி நேரமாவது தொடர்ந்து ஈரமாக இருக்க வேண்டும். காலையில் நனைந்தால் பத்து மணிக்குள் காய்ந்துவிடும்; மாலையில் நனைத்தால் இரவு முழுக்க ஈரம். ஐப்பசியில் நான் நீரை மண்ணுக்கு மட்டுமே ஊற்றுகிறேன். புள்ளி விழுந்த இலைகளைக் கிள்ளி, உதிர்ந்ததையும் பொறுக்கி வெளியே போட்டுவிடுகிறேன்.

2024 தை பிறந்ததும், மஞ்சள் ரோஜாவின் கண்ணை எடுத்து ஒட்டுக் கட்டப் பெரியவர் சொன்ன நேரம் வந்தது. வேர்ச்செடிகளுக்கு மூன்று நாள் முன்னதாக நன்றாக நீர் விட்டேன். சாறு ஓடினால்தான் பட்டை தோல்போல உரியும். மஞ்சள் ரோஜாவில் கண் எடுக்கத் தகுந்த கிளை எது என்பதற்கு அவர் சொன்ன சோதனை அருமையானது: பூ உதிர்ந்த கிளையில் முள்ளைப் பக்கவாட்டில் அழுத்த வேண்டும். ‘டக்’ என்று சுத்தமாக உடைந்தால் கிளை பக்குவம். வளைந்தால் இளசு, பட்டையோடு கிழிந்தால் அதுவும் ஆகாது.

இலையை வெட்டி, காம்பை மட்டும் அரை அங்குலம் கைப்பிடியாக விட்டேன். புது பிளேடால் கண்ணுக்கு அரை அங்குலம் கீழே தொடங்கி மேலே வரை, கேடய வடிவில் பட்டையோடு சீவி எடுத்தேன். பின்புறம் ஒட்டியிருந்த மரச் சில்லை நகத்தால் நீக்கினேன். முதல் கண்ணில் சில்லோடு கண்ணின் உயிர்ப்பகுதியும் வந்துவிட்டது. உள்ளே குழி தெரிந்தால் அந்தக் கண் பயன்படாது. வேர்ச்செடியில் மண்ணுக்கு மேலே மூன்று அங்குலத்தில் ‘டி’ வடிவக் கீறல், நீளம் ஓர் அங்குலம். கீறலின் இரு இறகுகளையும் திறந்து, கண்ணை மேலிருந்து கீழே நழுவவிட்டு, கண் மட்டும் வெளியே தெரியப் பாலித்தீன் நாடாவால் சுற்றினேன். பெரியவர் அருகில் இருந்து, “கண் காற்றுப் படாமல் இருக்க வேண்டும் தாயி, சீக்கிரம்” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். முதல் மூன்றைக் கட்ட எனக்கு ஒவ்வொன்றுக்கும் ஐந்து நிமிடம் ஆனது. கடைசி ஐந்தை இரண்டு நிமிடத்துக்குள் கட்டினேன்.

மூன்று வாரம் கழித்துக் காம்பைத் தொட்டுப் பார்க்க வேண்டும். தொட்டதும் உதிர்ந்தால் கண் பிடித்துவிட்டது. கருகி, ஒட்டிக்கொண்டு நின்றால் போயிற்று. எட்டில் மூன்று உதிர்ந்தன. மூன்றுமே விரைவாகக் கட்டிய ஐந்துக்குள் இருந்தவை. நாடாவை அவிழ்த்து, வேர்ச்செடியின் மேல்பகுதியைப் பாதியாக வளைத்து ஒடித்துவிட்டேன்; மாசியில் கண் சிவந்து முளைத்தது. நான்கு அங்குலம் வளர்ந்த பிறகே மேல்பகுதியை முழுதாக வெட்டினேன். முதல் மொட்டைக் கிள்ளிப்போடச் சொல்லியிருந்தார். கிள்ளினேன். அடிக்கண்கள் பருத்தன. வைகாசியில் முதல் பூவை விட்டுவைத்தேன். கோடையில் எல்லா ஹைப்ரிட்டும் சிறுத்து வெளிறித்தான் பூக்கும். அதுவும் அப்படித்தான் இருந்தது. ஆனால் கொழுந்து பச்சை. அந்த மூன்றில் ஒரு தொட்டிக்கு வேண்டுமென்றே ஆழ்துளை நீரையே விட்டுவந்தேன். அதிலும் கொழுந்து பச்சை. தாய்ச்செடியோ காவிரி நீர் தவறிய வாரங்களில் மறுபடி வெளுக்கத் தொடங்கிவிடும்.

கவாத்து பற்றி என் அனுபவம் ஒன்று. அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் செய்யலாம் என்பார்கள். அக்டோபரில் வெட்டிய ஆண்டு, வடகிழக்கு மழையில் வெட்டுவாயெல்லாம் கறுத்து நுனியிலிருந்து கிளை காய்ந்துகொண்டே இறங்கியது. இப்போது மார்கழியில், மழை ஓய்ந்த பிறகு, வெட்டி, வெட்டுவாயில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ பசை தடவுகிறேன். ஒவ்வொரு வகைக்கும் வெட்டும் முறை வேறு. ஹைப்ரிட் டீக்கு நல்ல கிளை நான்கை மட்டும் வைத்து, ஒன்றரை அடி உயரத்தில், வெளிப்பக்கம் பார்க்கும் கண்ணுக்குக் கால் அங்குலம் மேலே. ஐஸ்பெர்க்குக்கு மூன்றில் ஒரு பங்கு மட்டும். பட்டன் ரோஜாவை மேலாக நறுக்கினால் போதும். கொடி ரோஜாவை முதல் ஆண்டு நான் மற்றவை போலவே குட்டையாக வெட்டியதால் அது ஈராண்டு பூக்கவில்லை. கொடியில் முதன்மைக் கிளையைத் தொடக் கூடாது. கைப்பிடிச் சுவரோடு கிடையாக வளைத்துக் கட்ட வேண்டும். நின்ற கிளையில் நுனிமொட்டு மற்றக் கண்களை அடக்கிவைக்கும். படுக்கவைத்தால் ஒவ்வொரு கணுவும் தனித்தனியே மேல்நோக்கிச் சிறுகிளை விடும், பூ அந்தச் சிறுகிளைகளில்தான். பூத்தபின் அவற்றை மட்டும் இரண்டு மூன்று கண் விட்டு வெட்டலாம்.

2024 டிசம்பர் 22-இல் மூன்று மஞ்சள் ஒட்டுகளையும் வெட்டினேன். 47-ஆம் நாள், 2025 பிப்ரவரி 7 காலை, ஆழ்துளை நீர் குடித்த தொட்டியில் முதல் பூ விரிந்தது. உள்ளங்கை அகலம், விளிம்பில் அந்த இளஞ்சிவப்பு. அம்மா அதைப் பறிக்க விடவில்லை. ஆறு நாள் செடியிலேயே இருந்து உதிர்ந்தது.

கருகிப்போன ஐந்து கண்களின் வேர்ச்செடிகள் இன்னும் உயிரோடு இருக்கின்றன. அவை பன்னீர் ரோஜாவாகவே பூக்கின்றன. இரண்டில் மறுபக்கத் தண்டில் கட்டிப்பார்க்க இடம் இருக்கிறது. பெரியவரின் வீட்டு வாசலில் ஒரு கருஞ்சிவப்பு ஹைப்ரிட் நிற்கிறது. பூ உதிர்ந்ததும் சொல்லி அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்.